ஜப்பான்காரர்கள் தங்கள் அழுகையை மட்டும்தான் வரைகிறார்களா? போர்க்கால மங்கா (சித்திரக்கதை), அனிமே (அனிமேஷன் படம்) குறித்து ஒரு விவாத இழை

ஆகஸ்ட் 6 – வாசகர் ஒருவர்

ஹிரோஷிமா நாள் வந்தாலே எல்லோரும் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' (மின்மினிகளின் கல்லறை) படத்தைப் பகிர்ந்து கண் கலங்குகிறீர்கள். அந்தப் போரில் ஜப்பான் ராணுவத்தினர் என் தாத்தாவின் அண்ணனை மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவே இல்லை. அவருக்கு யார் அனிமே எடுத்தார்கள்? தாங்கள் பட்ட பாட்டை மட்டும் அழகாக வரைந்து உலகத்தையே நம்ப வைத்துவிட்டார்கள் என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 6, இரவு

மறுப்பு இருக்கிறது, முழுசாக இல்லை. உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததைப் பற்றி வாதமே கிடையாது. அந்தப் பாதையில் மாண்ட போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. அதைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அதில் நம் தோட்டத் தமிழர்களுக்கு, பெரும்பாலும் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. இதைச் சொல்லாமல் மின்மினிப் படத்துக்காக மட்டும் அழுவது எனக்கும் நெருடும்.

ஆனால் "தங்கள் பாட்டை மட்டும்" என்கிற இடத்தில் முரண்படுகிறேன். நீங்கள் ஒரு படத்தை வைத்து மொத்த வகையையும் எடைபோடுகிறீர்கள். அந்த ஒரு படத்திலேயே நீங்கள் சொல்வதைவிட அதிகம் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7

முதலில் மின்மினிப் படம். 1988 ஏப்ரலில் வந்தது. இயக்கம் இசாவ் தகஹாதா, தயாரிப்பு ஸ்டுடியோ ஜிப்ளி என்ற அனிமே நிறுவனம். குழந்தைகள் படமான 'மை நெய்பர் டோட்டோரோ'வும் இதுவும் ஒரே டிக்கெட்டில் இரட்டைக் காட்சியாக ஓடின. டோட்டோரோவை எதிர்பார்த்துக் குழந்தைகளோடு போன குடும்பங்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பகீரென்கிறது.

மூலக்கதை எழுத்தாளர் அகியுகி நோசாகா 1967ல் எழுதியது. அவருடைய தங்கை, ஒரு வயது சொச்சக் குழந்தை, 1945ல் பட்டினியில் இறந்தாள். கதையில் குண்டுவீச்சில் அம்மாவை இழந்து தங்கையோடு தவிக்கும் அண்ணன் செய்தா அவளுக்கு ஊட்டுகிறான். தான் அப்படி நல்ல அண்ணனாக இருக்கவில்லை, அவள் பங்கையும் தின்றவன் என்று நோசாகாவே சொல்லியிருக்கிறார். அதாவது அந்தக் கதை அவர் தங்கைக்குக் கொடுத்த பிராயச்சித்தம். அதைத் தேசத்தின் சார்பில் எழுதிய புகார் மனுவாகப் படிக்க என்னால் முடியவில்லை.

தகஹாதாவுக்கும் சொந்த அனுபவம் உண்டு. 1945 ஜூன் 29ல் ஒகயாமா நகரத்தின் மேல் குண்டு விழுந்தபோது ஒன்பது வயது. பெற்றோரைப் பிரிந்து அக்காவோடு நெருப்புக்குள் ஓடியிருக்கிறார். அப்படிப்பட்டவர்தான் இதைப் போர் எதிர்ப்புப் படம் என்று சொல்லாதீர்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு கொடுமை இனி வேண்டாம் என்று அழுதவர்களையே, அதனால்தான் ஆயுதம் வேண்டும் என்று அடுத்த போருக்கு இழுத்துப் போய்விடலாம் என்பது அவர் கவலை. உங்கள் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற கவலை இது.

ஆகஸ்ட் 7, பிற்பகல்

விட்டுப்போன ஒன்று. செய்தா கடற்படை அதிகாரியின் மகன். அப்பாவின் கப்பல்கள் வந்து பழி தீர்க்கும் என்று படம் முழுக்க நம்புகிறான். தஞ்சம் புகுந்த சித்தி வீட்டை விட்டு வெளியேறும் திமிரும் அதே பெருமையில் வருவதுதான். வங்கியில் அம்மா விட்டுப்போன 7,000 யென் இருக்கிறது. அதில் பணம் எடுக்கப் போன இடத்தில்தான் போர் முடிந்துவிட்டது, கப்பற்படை மொத்தமும் கடலுக்கடியில் என்று கேள்விப்படுகிறான். அங்கே யாரோ ஒருவரின் சட்டையைப் பிடித்து உலுக்குவான் பாருங்கள், கையில் பணம் இருக்கிறது, வாங்கச் சோறுதான் இல்லை. சாம்ராஜ்யம் கொடுத்த நம்பிக்கையைத் தின்று வளர்ந்த பையன் அவன். படம் அதை மறைக்கவே இல்லை.

ஆகஸ்ட் 9

சித்தியைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். "அந்த ராட்சசி" என்று ஒருவர்.

கல்லூரி விடுதியில் முதல் தடவை பார்த்தபோது நானும் அவளைத் திட்டித் தீர்த்தேன். செய்தாவின் அம்மா விட்டுப்போன கிமோனோ உடைகளை அரிசிக்கு மாற்றுகிறாள். வேலைக்குப் போகும் தன் மகளுக்கு உருண்டைச் சோறு, இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அடியில் நாலு பருக்கை நிற்கிற கஞ்சி. இப்போது வீடு நடத்துகிறேன், மாதக் கடைசி என்றால் என்னவென்று தெரியும். அவள் வீட்டில் செய்தா எதற்கும் கை கொடுப்பதில்லை. பள்ளிக்கும் போகவில்லை, தீயணைப்புக் குழுவிலும் சேரவில்லை. ஆனாலும் அவள் பக்கம் முழுதாகச் சாயவும் மனம் வரவில்லை. நாலு வயதுக் குழந்தை முன்னால் சோற்றுக் கணக்குப் பேசுகிறாள். ஜப்பானிலும் சின்ன வயதில் சித்தியை வெறுத்தவர்கள் பெரியவர்களான பிறகு மனம் மாறுவதாக ஒவ்வோர் ஆகஸ்டிலும் பேச்சு எழும். பஞ்சத்தில் நல்லவள் கெட்டவள் என்று பிரிக்கிற கோடு அரிசிப் பானைக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதற்கு மேல் எனக்குத் தெளிவில்லை.

ஆகஸ்ட் 12

கேள்வி கேட்டவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நல்லது. "ஜப்பான் செய்ததை ஒரு ஜப்பான்காரர் வரைந்ததைக் காட்டுங்கள்" என்கிறார்.

ஷிகெரு மிசுகி. பேய் பிசாசுக் கதைகளால் ஜப்பானே கொண்டாடிய ஆள். 1943ல் படையில் சேர்க்கப்பட்டு பசிபிக் கடலில் நியூ பிரிட்டன் தீவின் ரபாவுலுக்குப் போனார். எல்லைக் காவலில் இருந்த அவருடைய குழு மொத்தமும் அழிந்து, இவர் ஒருவர் மட்டும் காட்டுக்குள் ஓடித் தப்பி முகாமுக்கு வந்து சேர்ந்தார். வந்தவரைப் பார்த்து மேலதிகாரி, எல்லோரும் செத்தபோது நீ ஏன் உயிரோடு வந்தாய் என்று கேட்டார். அப்புறம் மலேரியா, குண்டுவீச்சு, இடது கை போயிற்று. மிச்சமிருந்த வலது கையால் வாழ்நாள் முழுக்க வரைந்தார்.

அவருடைய 'ஆன்வர்ட் டுவர்ட்ஸ் அவர் நோபிள் டெத்ஸ்' மங்கா 1973ல் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உண்மை என்று அவரே எழுதியிருக்கிறார். தொடக்கத்திலேயே 'ஆறுதல் பெண்கள்' (ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தவர்கள்) குடிசை வாசலில் வரிசையாக நிற்கும் சிப்பாய்கள். போரில் வென்றதாகவோ வீரமாகச் செத்ததாகவோ ஒன்றும் கிடையாது. கதை முழுக்க மேலதிகாரி கீழே உள்ளவனை அறைகிறார். காலையில் அறை, சாயங்காலம் அறை. ஒருவன் ஆற்றில் மீன் பிடிக்கப் போய், கை நிறைந்துவிட்டதால் ஒரு மீனை வாயில் கவ்வ, அது தொண்டையில் சிக்கிச் சாகிறான். அடுத்த பக்கம் படை நகர்ந்துவிடுகிறது. ஆட்களின் முகம் நாலு கோட்டில் முடிந்துவிடும், குழந்தைகள் கேலிச்சித்திரம் மாதிரி. பின்னால் இருக்கும் காடும் கடலும் பிணமும் மட்டும் புகைப்படம் போல அத்தனை நுணுக்கம்.

கடைசித் தாக்குதலில் எல்லோரும் மாண்டதாகத் தலைமையகத்துக்குத் தந்தி போய்விட்டது. சிலர் தப்பி உயிரோடு இருக்கிறார்கள். தந்தி பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக அவர்களை மறுபடி சாக அனுப்புகிறார்கள். சொந்தப் பிள்ளைகளையே இப்படி நடத்திய ராணுவம் பேராக்கிலிருந்து வந்த கூலித் தொழிலாளியை எப்படி நடத்தியிருக்கும் என்பதை, உங்கள் தாத்தாவின் அண்ணனைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத இந்தப் புத்தகத்திலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 12, இரவு

மிசுகி அண்மைக்காலம் வரை இருந்தாரா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், 2015ல்தான் இறந்தார், 93 வயது. ரபாவுலில் தனக்குச் சோறு போட்ட உள்ளூர்த் தோலாய் இன மக்களைத் தேடிப் பல வருடம் கழித்துத் திரும்பப் போனார். கேட்டவருக்கு நன்றி.

ஆகஸ்ட் 15

இன்றைக்குச் சரியான நாள். சுஸுவைப் பற்றி.

'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' கதையின் நாயகி, கல்யாணமாகிப் புகுந்த வீடு வந்த பெண். ஃபுமியோ கோனோவின் மங்கா 2007 முதல் 2009 வரை வந்தது. சுனாவோ கதபுச்சி 2016ல் படமாக்கினார். முதலில் பணம் போட யாரும் முன்வரவில்லை. 3,374 பேர் இணையம் வழியாகச் சேர்ந்து சுமார் 3.9 கோடி யென் கொடுத்தார்கள். கடைசியில் படம் வெளியானபோது 63 திரையரங்குகளில்தான்.

இந்தப் படத்தை என் மாமியாரோடு பார்த்தேன். அனிமே என்றாலே பொம்மைப் படம் என்பவர். சர்க்கரைக் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரேஷனில் வந்த கொஞ்சம் சர்க்கரைக்கு எறும்பு வரிசை கட்டுகிறது. சுஸுவும் நாத்தனார் மகள் ஹருமியும் அதைத் தண்ணீர்ச் சாடிக்குள் மிதக்க விடுகிறார்கள். அது மூழ்கிக் கரைந்துபோகிறது. "தட்டுல தண்ணி ஊத்தி டப்பாவ நடுவுல வெக்கணும், சாடிக்குள்ளயா விடுவாங்க?" என்று மாமியார் கத்தினார். அதற்கப்புறம் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அரிசியை வறுத்து, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு படியை இரண்டு படியாக உப்ப வைக்கும் காட்சியில், பழைய வேஷ்டிக் கரை போலச் சுருங்கிய அந்த வீட்டாரின் முகங்களைப் பார்த்து, "பஞ்சத்துல எங்கம்மா கிழங்கு மாவுல கூழு கிண்டுனப்போ நாங்களும் இப்படித்தான் முழிச்சோம்" என்றார்.

கதை நடப்பது குரே என்ற துறைமுக நகரம். கடற்படையின் பெரிய கப்பல் கட்டும் தளம் அங்கே இருந்தது. யமாதோ போர்க்கப்பல் கட்டப்பட்டது அங்கேதான். சுஸுவின் மாமனாருக்கு விமான எஞ்சின் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அந்த வீட்டில் வேகும் ஒவ்வொரு பருக்கையும் போர் போட்ட சோறு. இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை. வாசலில் நின்று குழந்தை கப்பல் பெயர்களை ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

1945 ஜூன் 22ல் தாமதமாக வெடிக்கும் குண்டு ஒன்றில் ஹருமி செத்துப்போகிறாள். ஹருமியின் கையைப் பற்றியிருந்த சுஸுவின் வலது கையும் போகிறது. சுஸு படம் வரைகிற பெண். அதன் பிறகு வரும் அத்தியாயங்களில் பின்னணிகளைக் கோனோ தன் இடது கையால் வரைந்தார். கோடுகள் வளைந்து, வீடுகள் சாய்ந்து நிற்கும். மங்காவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் திருப்பினால்தான் இது உறைக்கும், படத்தில் அவ்வளவு இல்லை.

இப்போது ஆகஸ்ட் 15. வானொலியில் சக்கரவர்த்தியின் குரல், சரணடைந்தாயிற்று. வீட்டில் மற்றவர்கள் சரி முடிந்தது என்று எழுந்துபோகிறார்கள். எப்போதும் தூங்கி வழிகிற சுஸுதான் வெடிக்கிறாள். ஓடிப்போய்த் தோட்டத்தில் விழுந்து அழுகிறாள். ஊருக்குள் ஒரு வீட்டின் மேல், ஜப்பான் அடக்கி ஆண்ட கொரியாவின் கொடி ஏறுகிறது. ஒரே ஒரு நொடி. மங்காவில் அவள் சொல்வது, வன்முறையால் அடக்கி வைத்திருந்தோம், அதனால் வன்முறைக்குப் பணிகிறோம், இந்த நாட்டின் உண்மை முகம் இதுதானா என்கிற பொருளில் வரும். படத்தில் இதை மாற்றிவிட்டார்கள். கடல் கடந்து வந்த அரிசியாலும் சோயாவாலும் ஆனதுதானே இந்த உடம்பு என்கிறாள்.

முதல் கேள்விக்கு என் பதில் இந்தக் காட்சிதான். ஒரு சாதாரணக் குடும்பப் பெண், யாரையும் அடிக்காதவள், தான் தின்ற சோறு எங்கிருந்து வந்தது என்று கடைசி நாளில் உணர்கிறாள். சமையலறையிலிருந்து தொடங்கிய கதை சமையலறை வழியாகவே குற்றத்தைத் தொடுகிறது.

ஆகஸ்ட் 16

"ஒரு நொடிக் கொடி போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அதிலும் மங்காவின் வசனம் நேரடி, படத்தின் வசனம் மெலிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவு திரும்பப் பார்த்தேன். இப்போது படத்தின் வசனமே மேல் என்று படுகிறது. வன்முறை, நாட்டின் முகம் என்றெல்லாம் சுஸு பேசினால் அது கோனோவின் குரலாகிவிடும். படம் முழுக்க அரிசியை அளந்து, வறுத்து, ஊறவைத்தவள் அரிசியைப் பற்றிப் பேசினால் அது அவள் குரல். கொடி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அந்தக் கொடிக்குக் கீழே இருந்த குடும்பத்தின் கதையும் வரையப்பட வேண்டும்.

ஆகஸ்ட் 18

மட்டக்களப்பு நண்பருக்கு. இலங்கையைத் தாக்கிய கப்பல்களுக்கும் சுஸுவின் குரேவுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. 1942 ஏப்ரல் 5ல் கொழும்பையும் 9ல் திருகோணமலையையும் தாக்கிய விமானங்கள் ஏறிவந்த கப்பல்களில் அகாகி, சோர்யு இரண்டும் குரேயில் கட்டப்பட்டவை. உங்கள் ஊர்க் கடலில் கிடக்கும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸை 9ஆம் தேதி மூழ்கடித்தது அந்தப் படையணிதான். அகாகி, சோர்யு இரண்டும் அதே வருடம் ஜூனில் பசிபிக்கில் நடந்த மிட்வே கடற்போரில் மூழ்கின. சுஸு கல்யாணமாகி 1944 பிப்ரவரியில் குரே வரும்போது அவை இல்லை. அவற்றைக் கட்டியவர்கள் இருந்தார்கள், அவளுடைய அக்கம்பக்கத்து வீடுகளில்.

ஆகஸ்ட் 21

'பேர்ஃபுட் கென்' மங்காவைப் பற்றி எழுதாமல் இந்த இழை முடியாது.

கெய்ஜி நகாசாவாவுக்கு 1945ல் ஆறு வயது. ஹிரோஷிமாவில் பள்ளி வாசலில் நின்றிருந்தார், குண்டு விழுந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம். இடையில் ஒரு கான்கிரீட் சுவர் இருந்ததால் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூவரும் இடிந்த வீட்டுக்கடியில் சிக்கி எரிந்துபோனார்கள். அம்மாவுக்கு அன்றைக்கே தெருவில் பிரசவம். அந்தக் குழந்தையும் சில மாதங்களில் போய்விட்டது. 1966ல் அம்மா இறந்து எரியூட்டிய பிறகு சாம்பலில் எலும்பே மிஞ்சவில்லை. கதிர்வீச்சு அம்மாவின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்ற ஆத்திரத்தில்தான் அதுவரை தொடாத அணுகுண்டைப் பற்றி வரைய உட்கார்ந்தார்.

தன் கதையைக் கென் என்ற பையனின் கதையாக்கி வரைந்த 'பேர்ஃபுட் கென்' 1973ல் சிறுவர்களுக்கான 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கியது. இன்றைக்கு நாருட்டோ, ஒன் பீஸ் என்று நம் பிள்ளைகள் உயிரை விடுகிற அதே ஜம்ப். மொத்தம் பத்துத் தொகுதி. பலர் முதல் தொகுதியோடு நின்றுவிடுகிறார்கள். குண்டு விழுவது அதன் கடைசியில்தான். மீதி ஒன்பது தொகுதியும் பிறகு நடந்தவை. அநாதைப் பையன்கள் கள்ளச் சந்தையில் அலைகிறார்கள், ரவுடிகளுக்கு எடுபிடியாகிறார்கள். தீக்காயத்தில் புழு வைத்துக் கிடக்கும் ஓவியனைச் சொந்த வீட்டாரே தனியறையில் போட்டு, பார்த்துக்கொள்ளக் கென்னுக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

பேராக் நண்பர் கவனிக்க வேண்டியது, கென்னின் பக்கத்து வீட்டுக்காரர் பாக் என்கிற கொரியர். போரை எதிர்த்த கென்னின் அப்பாவை ஊரே தேசத்துரோகி என்று ஒதுக்கியபோது அவர் ஒருவர்தான் கைகொடுத்தார். குண்டு விழுந்த பிறகு, கொரியன் என்பதால் பாக்கின் அப்பாவுக்கு மருத்துவம் மறுக்கப்படுகிறது. பிந்தைய தொகுதிகளில் சீனாவில் ஜப்பானிய ராணுவம் செய்த கொலைகளையும் சக்கரவர்த்தியின் பொறுப்பையும் கென் பெயர் சொல்லிக் கத்துகிறான்.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். மட்சுயே நகரத்துப் பள்ளி நூலகங்களில் பிள்ளைகள் கைக்கெட்டாதபடி இந்தப் புத்தகத்தைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி 2013 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். 2023ல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து கென்னை எடுத்துவிட்டது. கர்ப்பிணி அம்மாவுக்காகக் கென் பணக்காரர் வீட்டுக் குளத்தில் மீன் திருடும் காட்சி இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பசியில் அம்மாவுக்காகத் திருடும் பையனைப் புரிந்துகொள்ளாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? எனக்கு இதில் கோபம்தான்.

ஆகஸ்ட் 21, சற்றுப் பிறகு

ஓவியம் கரடுமுரடு, எல்லோரும் கத்துகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள் என்று ஒருவர். உண்மை. கோனோவின் மென்மைக்குப் பழகிய கண் முதலில் திணறும். இரண்டு தொகுதி பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 27

கொஞ்சம் வேறு பக்கம். போர் நடந்துகொண்டிருந்தபோதே எடுத்த அனிமே ஒன்று உண்டு. 'மோமோதாரோ: சேக்ரட் செய்லர்ஸ்', 1945 ஏப்ரல், கடற்படை பணம் கொடுத்தது, 74 நிமிடம். தென்கடல் தீவு ஒன்றில் மிருகங்களெல்லாம் உட்கார்ந்து பாட்டுப் பாடி ஜப்பானிய எழுத்து கற்றுக்கொள்ளும். அழகான பாட்டு, கேட்டால் வாயில் ஒட்டிக்கொள்ளும். அதே காலத்தில் மலாயாவில் நம் பிள்ளைகளையும் பள்ளியில் நிற்க வைத்து ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மிருகங்களின் இடத்தில் யாரை வைத்து வரைந்தார்கள் என்று யோசித்தால் பாட்டு கசந்துவிடுகிறது. பின்னாளில் பெரிய மங்கா ஓவியரான ஒசாமு தெசுகா பதினாறு வயதில் குண்டுவீச்சில் சிதைந்த ஒசாகாவில் இதைப் பார்த்துவிட்டு, தானும் ஒருநாள் அனிமேஷன் எடுப்பேன் என்று முடிவு செய்தார். அந்தத் தெசுகாதான் பிறகு அந்த ஊர்க் குண்டுவீச்சையும் பசியையும் மங்காவாக வரைந்தார்.

செப்டம்பர் 3

பேராக் நண்பர் நீளமாக எழுதியிருக்கிறார். கென்னின் நாலு தொகுதியை முடித்துவிட்டாராம். பாக் வரும் பக்கங்களைத் தன் அப்பாவுக்குக் காட்டியிருக்கிறார். "ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது" என்கிறார். இருக்கட்டும். அதை எடுத்துவிடும் எண்ணம் எனக்கு எப்போதும் இல்லை. மிசுகியும் நகாசாவாவும் தங்கள் வீட்டுக் கதையைத் தங்கள் கையால் வரைந்தார்கள். சயாம் பாதையின் கதையை ஜப்பானியர் யாரேனும் வரைந்தால் படிப்பேன். ஆனால் நான் காத்திருப்பது தோட்டத்துப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் வரையப்போவதற்கு. உங்கள் அப்பாவுக்கு நினைவிருப்பதை இப்போதே பதிவு செய்யுங்கள். அண்ணனைப் பிடித்துப் போன லாரியின் நிறம், அன்று வீட்டில் என்ன சமையல், கங்காணி என்ன சொன்னார், எல்லாம் வேண்டும். சுஸுவின் கதை அப்படிப்பட்ட துணுக்குகளால் கட்டியதுதான். கதபுச்சி அன்றன்றைய வானிலையைக்கூடத் தேடிப் பிடித்து வரைந்தார்.

செப்டம்பர் 4

பத்து வயது மகனுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டவருக்கு: சுஸு படத்திலிருந்து தொடங்குங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஹருமி இறக்கும் பகுதியை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். போர் முடிந்த பிறகு அமெரிக்க முகாமின் எச்சில் குழம்பை வரிசையில் நின்று வாங்கி, அதில் சிகரெட் உறை மிதந்தாலும் சுஸுவும் நாத்தனாரும் ருசித்துக் குடிக்கும் காட்சியில் அவன் கட்டாயம் கேள்வி கேட்பான், பதில் யோசித்துக்கொள்ளுங்கள். கென்னைப் பன்னிரண்டு வயதில் கொடுக்கலாம், புத்தகமாக. 1983ல் வந்த படத்தில் குண்டு வெடிக்கும் நிமிடங்கள் சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்காது. மின்மினிப் படம் இன்னும் சில வருடம் போகட்டும். மிசுகியை அவனே தேடி வருவான்.